வசனம் இடிக்குதே! வாசகர் கேள்வி பதில்

வேதத்தில் ஒன்றோடொன்று இடிப்பதாகத் தோன்றும் வசனங்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். தபால் கட்டு எதிர்பார்த்ததைவிடக் கனம். பலர் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே தருகிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி.

கேள்வி: யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். கயிறு அறுந்து விழுந்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். சரிதானா?
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, மெஞ்ஞானபுரம்

பதில்: அறுந்த கயிறு வேதத்தில் இல்லை, அம்மா. இரண்டு வசனத்தையும் ஒட்டவைக்கப் பின்னால் வந்தவர்கள் திரித்த கயிறு அது.

மத்தேயு 27:5-8, அப்போஸ்தலர் 1:18-19 இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறுபாடு ஒன்றல்ல, மூன்று. சாவு எப்படி என்பது முதலாவது. நிலத்தை வாங்கியது யார் என்பது இரண்டாவது: மத்தேயுவில் யூதாஸ் காசைத் தேவாலயத்திலே எறிந்துவிட்டுப் போகிறான், பிரதான ஆசாரியர் அதைக்கொண்டு குயவனுடைய நிலத்தை வாங்குகிறார்கள். அப்போஸ்தலரிலோ "அநீதத்தின் கூலியினால்" அவனே நிலத்தைச் சம்பாதிக்கிறான். இரத்தநிலம் என்ற பெயர் ஏன் வந்தது என்பது மூன்றாவது. மத்தேயுவுக்கு அது இரத்தக்கிரயத்தால் வாங்கிய நிலம். அப்போஸ்தலரில் அவன் விழுந்து செத்த கோரத்தை ஊரே அறிந்ததால் வந்த பெயர்.

கயிற்றுக் கதை முதல் வேறுபாட்டை மட்டும்தான் தொடுகிறது, அதையும் அரைகுறையாக. தொங்குகிறவன் கயிறு அறுந்தால் கால் கீழாக விழுவானே தவிர தலைகீழாக விழமாட்டான். கீழே சரிவு இருந்தது, பாறை இருந்தது என்று இன்னும் இரண்டு முழம் திரிக்கவேண்டி வரும். லத்தீன் வேதாகமமான வுல்காத்தா இந்தச் சங்கடத்தை ஒரே சொல்லில் முடித்தது. அப்போஸ்தலர் 1:18-ல் "தொங்கி" என்று பொருள்படும் சொல்லையே போட்டுவிட்டது. கிரேக்கத்தில் அங்கே தொங்குதல் கிடையாது, குப்புற விழுதல்தான் உண்டு. இரண்டாவது வேறுபாட்டுக்கு, 'யூதாஸின் காசில் வாங்கியதால் அவன் வாங்கியதாகவே கணக்கு' என்ற விளக்கம் ஓரளவு நிற்கும். பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பேரில் என்பது நம் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குப் புதிதா என்ன? மூன்றாவதற்கு நல்ல ஒட்டு இதுவரை அகப்படவில்லை.

பிள்ளைகளிடம் இரண்டு பேரும் ஒத்துச் சொல்வதை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள். யூதாஸ் கோரமாய்ச் செத்தான். காட்டிக்கொடுத்த காசு நிலமாயிற்று. அந்த நிலத்துக்கு இரத்தநிலம் என்று பெயர். அதற்குக் கீழே வேறுபடும் மூன்றையும் எழுதி அப்படியே விடுங்கள். பெரிய பிள்ளைகளானால் இன்னொன்றையும் காட்டலாம். 19-ஆம் வசனம் அக்கெல்தமா என்ற பெயரை "அவர்களுடைய பாஷையிலே" என்று சொல்லி விளக்குகிறது. இந்த வசனங்கள் பேதுரு பேசும் பேச்சின் நடுவே வருகின்றன. அவர் தன் சொந்த ஜனத்துக்கு நடுவே நின்று "அவர்களுடைய பாஷை" என்று பேசியிருக்கமாட்டார். ஆகவே 18, 19 வசனங்கள் அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா பேதுருவின் பேச்சுக்கு நடுவே செருகிய குறிப்பு என்று கொள்வதே பொருத்தம்.

"நான்றுகொண்டு" பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால் வீட்டில் ஆச்சியிடம் கேட்கச் சொல்லுங்கள். "நாண்டுக்கிட்டு" என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள்.

கேள்வி: மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பன் ஒருவன் பைபிளில் நூறு முரண்பாடு என்று ஒரு பட்டியல் கொடுத்தான். நான் எங்கிருந்து தொடங்குவது?
கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: நூறையும் தொடவேண்டாம், தம்பி. பட்டியலின் பலமே அதன் நீளத்தில்தான் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் சொல்லி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். நண்பரையே மூன்று மட்டும் பொறுக்கித் தரச் சொல்லுங்கள்.

அதற்கு முன் எதை முரண் என்பது என்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே காரியத்தைப் பற்றி, ஒரே அர்த்தத்தில், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்வது முரண். கல்லறைக்கு மகதலேனா மரியாள் வந்தாள் என்று யோவான் 20:1 சொல்ல, மாற்கு 16:1 மூன்று பெண்களின் பெயரைச் சொல்வது வேறுபாடுதான். யோவான் "மரியாள் மட்டும்" என்றிருந்தால் முரண். அடுத்த வசனத்தில் அவளே "அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை" என்கிறாள். 'நமக்கு' என்றிருந்தால் கேட்டுக்கொண்டிருந்த பேதுருவும் அதில் அடங்குவார். 'எங்களுக்கு' என்பதால் கூடப்போன பெண்கள் தெரிகிறார்கள். கிரேக்கத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம் மொழிபெயர்ப்பாளர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பெண்கள் "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்" போனார்கள் என்று மாற்கு 16:8-லும், சீஷருக்கு அறிவிக்க ஓடினார்கள் என்று மத்தேயு 28:8-லும் இருப்பது அவ்வளவு லேசாகக் கரையாது. நண்பர் அதை எடுத்துவைத்தால் கனமான கேள்வி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பழகிக்கொள்ள ஒரு நல்ல இடம், தாவீது ஜனத்தைத் தொகையிட்ட கதை. 2 சாமுவேல் 24-லும் 1 நாளாகமம் 21-லும் வருகிறது. தாவீது ஜனத்தை எண்ணினான், தண்டனையாகக் கொள்ளைநோய் வந்தது, அது நிற்க ஒரு களத்தை விலைக்கு வாங்கிப் பலிபீடம் கட்டினான். ஒரே கதையில் ஐந்து வேறுபாடு, ஐந்தும் ஐந்து ஜாதி. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள்.

களத்துக்குச் சொந்தக்காரன் ஒன்றில் அர்வனா, மற்றதில் ஒர்னான். இது உச்சரிப்பு. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரியை இரேனியுஸ் என்றும் ரேனியஸ் என்றும் நாமே எழுதவில்லையா? இதை முரண் என்று பட்டியலில் சேர்ப்பவர் எண்ணிக்கையை உயர்த்தப் பார்க்கிறார்.

விலை ஒன்றில் 50 வெள்ளிச் சேக்கல், மற்றதில் 600 பொன் சேக்கல். வசனத்தை உற்றுப் பாருங்கள்: சாமுவேலில் வாங்கியது களத்தையும் மாடுகளையும் (24:24), நாளாகமத்தில் "அந்த நிலத்துக்கு" (21:25). பிணையடிக்கிற களமும் அதைச் சுற்றிய முழு மனையும் ஒரே விலைக்குப் போகாது. இந்த விளக்கம் நிற்கும். ஆனாலும் நிரூபணம் என்று மேஜையைத் தட்டாதீர்கள். 600 என்பது பன்னிரண்டு கோத்திரத்துக்கும் ஐம்பது ஐம்பதாகப் போட்ட கணக்கு என்று சொல்பவர்களும் உண்டு.

பஞ்சம் சாமுவேலில் ஏழு வருஷம், நாளாகமத்தில் மூன்று வருஷம். இது ஏடு பெயர்த்தெழுதியதில் நேர்ந்தது என்பதற்கு இரண்டு சாட்சி இருக்கிறது. சாமுவேலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அதே இடத்தில் மூன்று என்றே இருக்கிறது. தண்டனை வரிசையும் மூன்று வருஷப் பஞ்சம், மூன்று மாத ஓட்டம், மூன்று நாள் கொள்ளைநோய் என்று போனால்தான் சீராகிறது.

நான்காவது படைக்கணக்கு. சாமுவேலில் இஸ்ரவேல் 8 லட்சம், யூதா 5 லட்சம். நாளாகமத்தில் 11 லட்சம், 4 லட்சத்து 70 ஆயிரம். இங்கேதான் நம் ஆட்கள் கணக்குப் போட்டு மாட்டிக்கொள்வார்கள். 1 நாளாகமம் 27-ல் மாதத்துக்கு 24 ஆயிரம் பேராகப் பன்னிரண்டு வகுப்பு வருகிறது, மொத்தம் 2,88,000. அதை 8 லட்சத்தோடு கூட்டினால் 10,88,000, கிட்டத்தட்ட 11 லட்சம் என்பார்கள். விடையைத் தெரிந்துகொண்டு போட்ட கணக்கு இது. கூட்டச் சொல்லி எந்த வசனமும் இல்லை. யூதாவுக்கு வந்தால் இதே சூத்திரம் படுத்துவிடும், அங்கே நாளாகமத்தின் எண் குறைகிறதே! தெரிந்த ஒன்று, லேவியையும் பென்யமீனையும் எண்ணவில்லை என்று நாளாகமம் 21:6 சொல்வது. அதற்குமேல் இழுக்காதீர்கள்.

ஐந்தாவதுதான் சாரம். தாவீதை ஏவியது சாமுவேலின் எபிரெய வாக்கியத்தில் கர்த்தர், நாளாகமத்தில் சாத்தான். எழுத்துப்பிழை இப்படி வராது. நாளாகமம், யூதர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்டது. கடைசி வசனங்களில் பெர்சிய ராஜா கோரேஸ் வந்துவிடுகிறான். அதை எழுதியவர் சாமுவேலின் கதையைக் கையில் வைத்துக்கொண்டே மாற்றி எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் நேரே கர்த்தரின் கையில் வைத்துப் பேசிய தலைமுறைக்கும், தீமைக்கு ஏவுகிறவனைத் தனியே பெயர் சொல்லிய தலைமுறைக்கும் நடுவில் உள்ள தூரம் இந்த ஒரு சொல்லில் தெரிகிறது. கர்த்தர் அனுமதித்தார், சாத்தான் செய்தான் என்று யோபு முதல் அதிகாரத்தை வைத்து இணைப்பது சபையில் பழைய வழக்கம். அது வேத முழுவதையும் சேர்த்துப் படித்து எடுக்கும் முடிவு. சாமுவேலின் வசனம் தன்னளவில் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இந்த ஐந்தையும் பிரிக்கத் தெரிந்தால் நண்பரின் நூறும் ஐந்தாறு குவியலாகிவிடும். இன்னொன்று: பதிலுக்கு நீங்கள் ஒரு பட்டியலோடு குர்ஆனைத் தோண்டப் போகாதீர்கள். அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று காட்டினால் உங்கள் வீட்டு ஒழுகல் நின்றுவிடாது.

கேள்வி: அகசியா ராஜாவானபோது வயது 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. 2 நாளாகமம் 22:2-ல் 42. கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு இது உறுத்துகிறது.
ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: கணக்கு வாத்தியாருக்கே உரிய கேள்வி. நாளாகமத்தை வைத்தே நாளாகமத்தைச் சரிபார்க்கலாம், ஐயா. அகசியாவின் தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி எட்டு வருஷம் ஆண்டான் (21:5). சாகும்போது 40. அவன் கடைசி மகனுக்கு 42 என்றால் மகன் தகப்பனுக்கு இரண்டு வயது மூத்தவன்! எனவே 22-தான் சரி. சீரிய மொழிபெயர்ப்பிலும் சில கிரேக்கப் பிரதிகளிலும் அப்படியே இருக்கிறது. எபிரெயப் பிரதியை எழுதிய யாரோ ஒருவர் கைதவறியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் தவறென்று தெரிந்தும் திருத்தத் துணியாமல் அப்படியே கடத்தியிருக்கிறார்கள். அந்தப் பயபக்தியால்தான் நமக்குத் தடயம் மிஞ்சியது.

இதே வகையில் இன்னொன்று, யோயாக்கீன். தகப்பன் யோயாக்கீமோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், பிரசங்கத்திலேயே தடுமாறுகிறார்கள். 2 இராஜாக்கள் 24:8-ல் அவனுக்கு வயது 18, 2 நாளாகமம் 36:9-ல் 8. சிறைப்பட்டுப் போகும்போது அவனுடைய ஸ்திரீகளும் கூடப் போனார்கள் என்று 2 இராஜாக்கள் 24:15 சொல்வதால் எட்டு வயது பொருந்தாது. வெளிச்சாட்சியும் உண்டு. அவன் சிறைப்பட்டது கி.மு. 597. பாபிலோனில் கிடைத்த, கி.மு. 592-ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்று அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கைச் சொல்கிறது. அதில் யூதாவின் ராஜாவான யோயாக்கீனும் அவனுடைய ஐந்து குமாரரும் வருகிறார்கள். எட்டு வயதில் போயிருந்தால் அப்போது 13. பதின்மூன்று வயதில் ஐந்து பிள்ளைகளா?

சுவடி பார்த்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஏதும் இராது. ஆழ்வார்திருநகரியிலும் திருநெல்வேலியிலும் கவிராயர் வீடுகளில் ஏடு தேடிய உ.வே.சாமிநாதையர், பிரதிக்குப் பிரதி வேறுபட்ட பாடங்களைக் குறித்துவைத்தே நூல்களைப் பதிப்பித்தார். பாடபேதம் இருப்பதால் பத்துப்பாட்டு பொய் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: "அச்சில் இருக்கிற ஒவ்வோர் எழுத்தும் பிழையற்றது" என்று மேடையில் முழங்குகிறவருக்கு இந்த இரண்டு வயதும் தொண்டையில் முள்.

கேள்வி: எங்கள் திருவிவிலியத்தில் மாற்கு 1:2 "எசாயாவின் நூலில்" என்கிறது. பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. அக்காவின் பைபிளில் எசாயா பெயரே இல்லை. யார் எடுத்துவிட்டது?
இல்லத்தரசி, வடக்கன்குளம்

பதில்: எடுத்தவர் பக்கத்து வீட்டு அக்காவும் இல்லை, சி.எஸ்.ஐ.யும் இல்லை. அந்த இடத்தில் மாற்கு இரண்டு மேற்கோளைப் பிணைத்திருக்கிறார். முதல் பாதி மல்கியா 3:1, இரண்டாம் பாதிதான் ஏசாயா 40:3. சினாய், வத்திக்கான் பிரதிகள் போன்ற பழைய பிரதிகளில் ஏசாயா பெயர் இருக்கிறது. மல்கியாவின் வார்த்தைக்கு ஏசாயா பெயரா என்று உறுத்திய யாரோ பிற்காலத்தில் 'தீர்க்கதரிசிகள்' என்று பொதுவாக்கியிருக்கிறார்கள். பிற்காலப் பிரதிகள் பலவற்றில் அதுவே பரவியது. பவர் ஐயர் குழு 1871-ல் முடித்த பழைய மொழிபெயர்ப்பு அந்தப் பிற்காலப் பாடத்தைப் பின்பற்றியது. 1995-ல் வந்த திருவிவிலியம் பழைய பிரதிகளைப் பின்பற்றியது.

பாடம் பார்ப்பவர்களின் விதி ஒன்று இங்கே உதவும். இரண்டு பாடங்களில் உறுத்துகிற பாடமே பெரும்பாலும் மூலம். ஏனென்றால் பெயர்த்தெழுதுகிறவர் கரடுமுரடை இழைப்பாரே தவிர, வழவழப்பாக இருப்பதை யாரும் கரடாக்கமாட்டார்கள்.

கேள்வி: தமஸ்கு வழியில் சவுலோடு (பின்னாளில் பவுல்) போனவர்கள் வானத்திலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார்களா, கேட்கவில்லையா?
உபதேசியார், நாங்குநேரி வட்டாரம்

பதில்: அப்போஸ்தலர் 9:7-ல் கேட்டார்கள், 22:9-ல் கேட்கவில்லை. பிரசங்கக் குறிப்புகளில் வழக்கமாக வரும் விடை கிரேக்க வேற்றுமையைப் பற்றியது. கேள் என்ற வினையோடு ஒரு வேற்றுமை வந்தால் ஒலியைக் கேட்பது, இன்னொன்று வந்தால் பொருளோடு கேட்பது என்பார்கள். இதை நம்பி இறங்காதீர்கள். சவுல் அதே குரலைக் கேட்டதைச் சொல்லும்போது லூக்கா, அப்போஸ்தலர் 9:4-ல் ஒரு வேற்றுமையும் 22:7-ல் மற்றதும் போட்டிருக்கிறார். விதி அவரிடமே செல்லவில்லை.

அதைவிட நல்ல ஆதாரம் 1 கொரிந்தியர் 14:2-ல் இருக்கிறது. அந்நியபாஷையில் பேசுகிறதை "ஒருவனும் அறியாதிருக்கிறபடியினாலே" என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது அதே 'கேள்'. விளங்கிக்கொள்வதற்கும் அந்தச் சொல் வரும் என்பதற்கு இது போதும். தமிழிலும் அப்படித்தானே: "கூப்பிட்டது கேட்டுச்சு, என்ன சொன்னீயன்னு கேக்கல." ஆனால் 9:7-ல் அவர்கள் நின்றார்கள், 26:14-ல் எல்லாரும் விழுந்தார்கள். அதற்கு இந்தச் சாவி சேராது. ஒரே ஆசிரியர் ஒரே சம்பவத்தை மூன்று தடவை சொல்லும்போது மூன்றையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை; அவருக்கு அது தேவையாகப் படவுமில்லை.

கேள்வி: இயேசு எரிகோவுக்குள் போகும்போது குருடனைச் சுகமாக்கினாரா, வெளியே வரும்போதா?
தூத்துக்குடி வாசகர்

பதில்: லூக்கா 18:35-ல் கிட்ட வரும்போது. மாற்கு 10:46-லும் மத்தேயு 20:29-லும் புறப்படும்போது. பழைய எரிகோவின் மேடு ஒன்று, அதற்குத் தெற்கே ஏரோது குளிர்கால அரண்மனை கட்டிய புதிய எரிகோ இன்னொன்று. பாளையங்கோட்டையை விட்டுப் புறப்பட்டவர் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்கு வந்துகொண்டிருப்பது போல, ஒன்றை விட்டு மற்றதை நெருங்கும்போது நடந்திருக்கலாம். இடம் இடம்கொடுக்கிறது, சுவிசேஷகர்கள் அதைச் சொல்லவில்லை. குருடர் மத்தேயுவில் இருவர், மற்ற இரண்டிலும் ஒருவர்.

கேள்வி: பெரிய வெள்ளியன்று பகல் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை. மாற்கு 15:25 மூன்றாம் மணி வேளையில் சிலுவையில் அறைந்தார்கள் என்கிறது. யோவான் 19:14-ல் ஆறாம் மணிக்கு இன்னும் பிலாத்துவின் முன் நிற்கிறார். எது சரி?
பாடகர் குழு உறுப்பினர், நாசரேத்

பதில்: முதலில் மணி. சூரிய உதயத்திலிருந்து எண்ணும் மணி அது. மூன்றாம் மணி நம் 9, அதாவது உதயத்திலிருந்து ஏழரை நாழிகை. ஆறாம் மணி உச்சி. மும்மணி ஆராதனை எடுத்துக்கொண்டது மாற்கு 15:33-ல் வரும் அந்தகார நேரத்தை. அதில் குழப்பம் இல்லை.

யோவான் ரோமர் கணக்கில் நள்ளிரவிலிருந்து எண்ணினார், ஆகவே அது காலை 6 மணி என்று ஒரு விடை சுற்றுகிறது. ரோமருக்கு நாளின் தொடக்கம் நள்ளிரவுதான், ஆனால் பகலின் மணிகளை அவர்களும் உதயத்திலிருந்தே எண்ணினார்கள். அவர்களுடைய நிழற்கடிகாரத்தில் உச்சி வேளைக்கு எண் ஆறு. யோவானே 4:6-ல் இயேசு களைத்துக் கிணற்றருகே உட்கார்ந்த நேரத்தை ஆறாம் மணி என்கிறார். அது வெயில் ஏறிய வேளை என்றே எல்லோரும் படிக்கிறோம். சில பிரதிகளில் யோவான் 19:14-ஐயே "மூன்றாம்" என்று மாற்றியிருக்கிறார்கள். மேலே சொன்ன இழைப்புளி வேலைதான் அது.

மிஞ்சுவது இரண்டு. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் மூன்று, ஆறு, ஒன்பது என்று பகலைக் கால்கால் ஆக்கித்தான் பேசினார்கள். யோவான் "ஏறக்குறைய" என்றும் சொல்கிறார். இரண்டாவது, யோவான் அந்த வசனத்திலேயே பஸ்காவுக்கு ஆயத்தநாள் என்று அழுத்துகிறார். பஸ்கா ஆட்டுக்குட்டிகளை அறுக்கும் வேளையோடு இயேசுவின் மரணத்தைச் சேர்த்துக் காட்டுவது அவர் நோக்கம் என்று அறிஞர் பலர் எண்ணுகிறார்கள். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. மணியைச் சமன் செய்ய முயல்பவர்கள் அவர் சொல்லவந்ததைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: லூக்காவில் உள்ள இயேசுவின் வம்ச அட்டவணை மரியாள் வழியானது என்று கன்வென்ஷனில் கேட்டோம். உண்மையா?
சாயர்புரம் வாசகர்

பதில்: லூக்கா 3:23-ஐ வாசியுங்கள். யோசேப்பு, அவன் ஏலியின் குமாரன் என்று போகிறது. மரியாள் பெயர் இல்லை. மத்தேயு 1:16-ல் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு. மூன்றாம் நூற்றாண்டில் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் சொன்ன விளக்கம் வேறு: பிள்ளையில்லாமல் செத்த சகோதரனின் மனைவியை மற்றவன் சேர்த்துக்கொள்ளும் உபாகமம் 25:5-6 சட்டத்தின்படி, யோசேப்புக்குப் பெற்ற தகப்பன் ஒருவன், பேருக்குத் தகப்பன் இன்னொருவன். தத்துப்போன பிள்ளைக்கு இரண்டு வம்சம் எழுதுகிற நம் குடும்பங்களுக்கு இது விளங்கும். நடந்திருக்கக்கூடியது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மத்தேயு பெயர்களை வேண்டுமென்றே பதினாலு பதினாலாக அடுக்கினார். அதற்காக 1:8-ல் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களை விட்டுவிட்டார். நம் கணக்கு வாத்தியாரின் அகசியாவும் அதில் ஒருவன். தாவீது என்ற பெயரின் எபிரெய எழுத்துகளை எண்ணாகக் கூட்டினால் 4, 6, 4, மொத்தம் 14.

கேள்வி: மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 26:4. சொல் என்கிறது 26:5. ஒரே பக்கத்திலா?

பதில்: பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்குக் கண் தெரியும். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்ற வாயாலேதான் "பதறாத காரியம் சிதறாது" என்கிறோம். 1 சாமுவேல் 15-ஐயும் இப்படியே படியுங்கள். 11-ஆம் வசனத்திலும் 35-லும் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார் (மனம் வருந்துகிறார்), 29-ல் மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல. எபிரெயத்தில் மூன்றிலும் ஒரே வினை.

கேள்வி: பவுலும் யாக்கோபும் விசுவாசமா கிரியையா என்று சண்டை போடுகிறார்களே?

பதில்: இருவரும் காட்டுவது, ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று சொல்லும் ஆதியாகமம் 15:6. பவுல் அங்கேயே நிற்கிறார் (ரோமர் 4:3). யாக்கோபு ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய 22-ஆம் அதிகாரத்திலிருந்து திரும்பிப் பார்க்கிறார் (யாக்கோபு 2:21-23). நடுவே பதினாலு வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது. பவுல் ஒதுக்குவது விருத்தசேதனம் முதலான நியாயப்பிரமாணத்தின் கிரியைகளை. யாக்கோபு ஒதுக்குவது பிசாசுகளுக்கும் இருக்கிற விசுவாசத்தை (2:19). சொல் ஒன்று, சரக்கு வேறு.

கேள்வி: வாலிபர் ஐக்கியத்தில் இதையே விவாத அரங்கமாக நடத்த ஆசை. எப்படி நடத்துவது?
செயலாளர், ஒரு சேகரம், திசையன்விளை வட்டாரம்

பதில்: "வேதத்தில் முரண் உண்டா" என்று தலைப்பு வைத்தால் இரண்டு மணி நேரமும் காற்றில் போகும். ஒரே ஒரு ஜோடிப் பகுதி போதும். முதல் தடவைக்கு யூதாஸ் அல்லது தாவீதின் தொகையிடுதல். இரண்டு வாரம் முன்னதாகவே இரு பகுதியையும், பழைய மொழிபெயர்ப்பிலும் திருவிவிலியத்திலும், ஒரே தாளில் நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். செல்போனில் ஒரு வசனத்தைத் தட்டிப் பார்ப்பவர் அந்த வசனத்தைத்தான் பார்ப்பார். முன்னும் பின்னும் பத்து வசனம் தாளில்தான் கண்ணில் படும்.

அணிக்கு மூன்று பேர். ஆளுக்கு ஆறு நிமிஷம், மறுப்புக்கு மூன்று. ஐந்தாம் நிமிஷத்தில் ஒரு மணி, ஆறில் இரண்டு. எந்த அணி எந்தப் பக்கம் என்பதை அன்றைக்குக் காசு சுண்டிப் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் படித்து வருவார்கள். "மூலபாஷையில் இப்படி" என்று சொல்கிறவர் அந்தச் சொல் எது, வேறெங்கே வருகிறது என்று ஒரு வசனமாவது காட்டவேண்டும், இல்லாவிட்டால் அரை மதிப்பெண் குறைவு. "கேள்வி கேட்கிறவனுக்கு விசுவாசம் இல்லை" என்பது வாதமல்ல. அதைச் சொன்னால் ஒரு மதிப்பெண் முழுதாகப் போகும். எதிரணி சொன்னதைத் தன் வாயால் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மறுப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

நடுவராகச் சபைப் போதகரான ஐயரை உட்காரவைக்க வேண்டாம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதுவே தீர்ப்பு, பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். தமிழாசிரியர் ஒருவர் போதும். ஐயர் கடைசியில் ஜெபிக்கட்டும். சிறப்பு விருந்தினர் இருந்தால் அவர் பேச்சை நிகழ்ச்சிக்குப் பின் வையுங்கள். முன்னால் வைத்த இடங்களில் விவாதத்துக்கு இருபது நிமிஷம்கூட மிஞ்சுவதில்லை.

கேள்வி: பேதுரு மறுதலித்தபோது சேவல் ஒரு தரம் கூவிற்றா, இரண்டு தரமா?
பத்தாம் வகுப்பு மாணவி, முதலூர்

பதில்: மாற்கு 14:30-ல் இரண்டு தரம், மற்ற மூன்று சுவிசேஷத்திலும் எண்ணிக்கை இல்லாமல் சேவல் கூவுமுன்னே. தலைக்கோழி கூப்பிட எழுந்தேன் என்று தாத்தா சொல்லும்போது எத்தனை கூவல் என்று எண்ணிச் சொல்வதில்லை. அது நேரத்தின் பெயர். மாற்கு 13:35-லும் "சேவல் கூவும் நேரம்" என்று இராச்சாமத்துக்கே பெயராக வருகிறது. மாற்கு மட்டும் கூவலை எண்ணியிருக்கிறார், அவ்வளவே. இந்த ஒரு கூவலைச் சமன்செய்யப் போய், பேதுரு மறுதலித்ததே ஆறு முறை என்று கணக்குச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். நான்கு சுவிசேஷமும் ஒருவாய்ப்பட்டுச் சொல்வது மூன்று!